அணுகுண்டு காவல் காக்குமா?

(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, இயற்பியல்)

“இரு பக்கமும் அணுகுண்டு இருக்கிறது, ஆகவே பெரிய போர் வராது.” இந்தியாவையும் பாகிஸ்தானையும் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம் கல்லூரியில் கேட்கும் வாதம் இது. விடுதித் தொலைக்காட்சியின் முன்னால் கேட்டிருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் கருவிகளை எடுத்து வைக்கும் வேளையிலும் கேட்டிருக்கிறேன். அறிஞர் பலரும் இதைச் சொல்கிறார்கள். அணுவைப் பாடமாகப் படிக்கும் மாணவன் என்ற முறையில் இந்த வாதத்தை உரைகல்லில் உரைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் அணுகுண்டு என்பது என்ன என்று பார்ப்போம். 1945-இல் ஹிரோஷிமாவின் மீது வீழ்ந்த குண்டில் ஆற்றலாக மாறிய பொருளின் அளவு ஒரு கிராமுக்கும் குறைவு. நம் ஆய்வுக்கூடத் தராசில் வைக்கும் சிறு எடைக்கல் அளவுகூட இல்லை! அதற்கு அந்த ஆண்டின் இறுதிக்குள் பலியானவர்கள் ஏறத்தாழ 1,40,000 பேர். இந்தியாவிடம் சுமார் 180, பாகிஸ்தானிடம் சுமார் 170 அணு ஆயுதங்கள் இருந்தன என்பது ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் 2025-ஆம் ஆண்டு மதிப்பீடு. என் குடும்பத்தில் ‘அணு’ என்ற சொல்லைப் பாடநூலில் படித்த முதல் ஆள் நான். அந்தப் பாடம் இப்படியும் பயன்படும் என்பதை என் தாய்க்கு எவ்வாறு விளக்குவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

1974 மே 18 அன்று போக்ரானில் இந்தியா முதல் சோதனை நடத்தியது. அதற்கு முன்பே, 1971 போரில் தோல்வியுற்ற பாகிஸ்தான், 1972 ஜனவரியில் முல்தான் நகரில் தன் விஞ்ஞானிகளைக் கூட்டி அணுகுண்டைப் பற்றி ஆலோசித்துவிட்டது. 1998 மே 11, 13 தேதிகளில் இந்தியா மீண்டும் வெடித்தது. அதே மாதம் 28, 30 தேதிகளில் பலுசிஸ்தானில் பாகிஸ்தான் வெடித்தது. “இனிப் போர் இல்லை” என்று அன்றே பலர் எழுதினர்.

அறிவியலில் ஒரு கருதுகோள் சரியா என்று அறிய வழி உண்டு. அது முன்கூட்டிச் சொல்வது நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடந்தது என்ன? ஓராண்டு நிறைவதற்குள், 1999 மே மாதம், கார்கிலில் போர் மூண்டது. நம் வீரர்கள் 527 பேர் உயிர் ஈந்தனர். ஆயினும் இந்தியா அன்று எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டவில்லை. 2016-இல் தரைப்படை தாண்டியது. 2019 பிப்ரவரியில் விமானங்கள் தாண்டிப் பாலகோட் வரை சென்றன. 2025 மே மாதம் ஏவுகணைகளும் ஆளில்லா விமானங்களும் நான்கு நாட்கள் பறந்தன; பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள பகவல்பூரும் முரித்கேயும் தாக்கப்பட்டன; இராவல்பிண்டியின் விமானத் தளமும் தப்பவில்லை. அவர்களும் நம் எல்லை ஊர்களின் மீது குண்டு பொழிந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஏணியில் ஒரு படி மேலே! போரை அணுகுண்டு தடுத்திருந்தால் ஏன் இந்த ஏற்றம்?

“ஆனாலும் பெரிய போர் வரவில்லையே” என்று நண்பர்கள் கேட்பார்கள். உண்மைதான். ஆனால், மின்கம்பி அறுந்து கிடக்கும் வரப்பின் மேல் பத்து முறை நடந்தவன் பிழைத்துக்கொண்டான் என்பதால் அந்தக் கம்பியில் மின்சாரம் இல்லை என்று ஆகிவிடுமா?

இதற்கு ஒரு சான்று உண்டு. 2022 மார்ச் 9 அன்று இந்திய விமானப் படையின் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானுக்குள் 124 கிலோமீட்டர் பறந்து மியான் சன்னு என்ற ஊரின் அருகே விழுந்தது. நல்லவேளையாக அதில் வெடிமருந்து இல்லை, எவரும் இறக்கவில்லை. தவறு நேர்ந்ததை இந்திய அரசு ஒப்புக்கொண்டது. மூன்று அதிகாரிகள் பதவி நீக்கம் செய்யப்பட்டனர். பாகிஸ்தான் வானில் அது பறந்த நேரம் நான்கு நிமிடங்களுக்கும் குறைவு. நாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுத்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது! அதே தவறு 2025 மே 9 இரவில் நேர்ந்திருந்தால்? அது தவறுதான் என்று அந்த நான்கு நிமிடத்தில் யார் நம்பியிருப்பார்கள்?

அப்படியானால் இதுவரை நம்மைக் காத்தது எது? ஆரவாரமில்லாத சில ஏற்பாடுகள் எனலாம். ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31 அன்று இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி 1992 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் நாளில் அணு நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. கார்கிலுக்குப் பின்னும், 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின்னும், பாலகோட்டுக்குப் பின்னும் அது நிற்கவில்லை. இராணுவ நடவடிக்கைத் தலைவர்களுக்கு இடையே நேரடித் தொலைபேசி இருக்கிறது. 2025 மே 10 பிற்பகலில் அந்தத் தொடர்பில்தான் இருவரும் பேசினர். அன்று மாலை ஐந்து மணி முதல் தாக்குதலை நிறுத்த உடன்பட்டனர். 350 அணுகுண்டுகள் செய்யாததை ஒரு தொலைபேசி செய்தது என்றால் மிகையன்று.

“பகல்காமில் 26 உயிர்களைப் பறித்த பயங்கரவாதத்தோடு என்ன பேச்சு?” என்ற கேள்வி எழும். நியாயமான கோபம் அது. அப்பாவிகளைச் சுட்டவனும் அவனுக்கு அடைக்கலம் தந்தவனும் தண்டனைக்கு உரியவர்களே. இதில் எனக்கு இரு கருத்து இல்லை. ஆனால் பேசுவது பகைவனுக்கு நாம் தரும் பரிசு அன்று. நம் வீட்டுக்கு நாமே போட்டுக்கொள்ளும் தாழ்ப்பாள். படைமாட்சிக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், தூதுக்கும் ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். இரண்டும் பொருட்பாலில்தான் இருக்கின்றன. தூது கோழையின் தொழிலாக இருந்திருந்தால் அது அரசனுக்குரிய பாடத்தில் இடம் பெற்றிருக்குமா?

நான் இன்றே குண்டுகளைக் கடலில் எறியச் சொல்லவில்லை. நடக்கக்கூடியதையே கேட்கிறேன். ஏவுகணைச் சோதனைக்கு முன் அறிவிப்புத் தர வேண்டும் என்ற 2005-ஆம் ஆண்டு ஒப்பந்தம் பாலிஸ்டிக் வகை ஏவுகணைகளுக்கு மட்டுமே பொருந்தும். பிரம்மோஸ் போன்றவை அதில் அடங்கா. அவற்றையும் சேர்க்க வேண்டும். தவறுதலாக ஒன்று கிளம்பிவிட்டால் அடுத்த நிமிடமே சொல்வதற்கென்று தனித் தொடர்பு வேண்டும். எத்தனை கசப்பு வந்தாலும் அந்தத் தொடர்பு மட்டும் அறுபடக் கூடாது.

நமக்கும் ஒரு கடமை உண்டு. 2025 மே மாத இரவுகளில் கராச்சித் துறைமுகம் அழிந்தது என்ற பொய்ச் செய்தி சில தொலைக்காட்சிகளில் ஓடியது. நம்மில் எத்தனை பேர் அதை ஆராயாமல் கைப்பேசியில் பரப்பிக் கைதட்டினோம்? எங்கள் தெருவிலிருந்து மூவர் பட்டாளத்தில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் எவரும் அன்று கைதட்டவில்லை. போருக்குச் செல்பவன் பெரும்பாலும் என் போன்றோர் வீட்டுப் பிள்ளை, கைதட்டுபவன் வேறொருவன்.

நண்பர்களே, நம் பாடநூலில் வரும் சந்திரசேகர் தமிழர். பிறந்தது 1910-இல் லாகூரில், பட்டம் பெற்றது சென்னை மாநிலக் கல்லூரியில். அதே லாகூரில் படித்த அப்துஸ் சலாம் 1979-இல் நோபல் பரிசு பெற்றார். பிரிவினைக்குப் பின் கல்கத்தாவுக்கு வந்துவிட்ட தம் கணித ஆசிரியர் அனிலேந்திர கங்குலியைத் தேடிச் சென்று, பதக்கத்தைக் காட்டி நன்றி செலுத்தினார். அறிவுக்கு எல்லைக் கோடு இல்லை என்பதை இந்த இருவரைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

அணுவைப் பிளக்க மனிதன் கற்றுக்கொண்டான். பகைவனோடு பேசக் கற்றுக்கொள்வது அதைவிடக் கடினமாக இருக்கலாம். ஆயினும் அந்தப் பாடத்தில் தேறாத நாட்டுக்கு மறுதேர்வு கிடையாது என்பதை நாம் மறந்துவிடலாகாது.