கையெழுத்து வைத்தவள் கணக்குக் கேட்கக் கூடாதா?

சென்ற இதழில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் எழுதிய கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். வங்கியும் லீசிங் கம்பனியும் பிடித்த கட்டணங்களைத் திருப்பித் தரச் சொல்லிக் கடிதம் எழுதும் பழக்கம் மட்டக்களப்பின் கொக்கட்டிச்சோலைப் பக்கம் பரவுகிறது என்பது அவருடைய கவலை. கையெழுத்து வைத்துக் கடன் வாங்கியவர் பிறகு கணக்குக் கேட்பது நன்றிகெட்ட செயல் என்கிறார். ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்க்காக மத்தியஸ்த சபைக்கும் நீதிமன்றத்துக்கும் போவது நேரத்தைத் தின்னும் வேலை என்கிறார். இப்படியே போனால் படுவான்கரையில் ஒரு கிளையும் மிஞ்சாது என்று பயமுறுத்துகிறார். லண்டன் நீதிமன்றமே வங்கிகளின் பக்கம்தான் நின்றது என்று முடிக்கிறார்.

இதில் ஒரு வாதம்கூட நிற்காது. அவர் வங்கியில் உயர்ந்த கதிரையில் இருந்தவர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, கடிதம் எழுத நினைத்த ஒருத்தி பேனையைக் கீழே வைத்துவிடுவாள். அதற்காகவே இந்தப் பதில்.

கையெழுத்திலிருந்து தொடங்குவோம், அவருடைய முழு வாதமும் அதில்தான் தொங்குகிறது. எங்கள் ஊர்களில் அந்தக் கையெழுத்து எப்படி வாங்கப்படுகிறது என்பது முப்பது வருடம் அந்தத் தொழிலில் இருந்தவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. பெரும்போகத்துக்கு விதைநெல்லும் உரமும் வாங்க வேண்டிய புரட்டாதி, ஐப்பசியில் கள உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வருவார். ஒரு வளவுக்குள் பத்துப் பெண்கள் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். படிவம் ஆங்கிலத்தில் இருக்கும், சிலவேளை சிங்களத்தில். கையெழுத்து வைக்க வேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளடி போட்டிருக்கும். அந்தப் புள்ளடிகளைத் தவிர வேறெதையும் யாரும் அவர்களுக்குக் காட்டுவதில்லை. பிரதி கேட்டால் "கொழும்புக்குப் போய் வரும்" என்பார்கள். அது வருவதில்லை.

வாசித்துக் காட்டப்படாத, விளங்கப்படுத்தப்படாத, பிரதியே கையில் கிடைக்காத ஒரு தாளில் வைத்த கையெழுத்தைத்தான் கட்டுரையாளர் "முழுச் சம்மதம்" என்று எழுதியிருக்கிறார். வாடிக்கையாளர் விரும்பும் மொழியில், சிங்களத்திலோ தமிழிலோ ஆங்கிலத்திலோ, நிபந்தனைகளைக் கொடுக்க வேண்டும் என்று வங்கிகளுக்கான வாடிக்கையாளர் பட்டயம் 2011இலேயே சொல்லிவிட்டது. 2023இல் மத்திய வங்கி நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தது. கட்டணங்களை முன்கூட்டியே வெளிப்படுத்துவதும் முறைப்பாட்டைக் கேட்டுப் பதில் சொல்வதும் நிறுவனத்தின் கடமை. கடமை தவறியவர் யார் என்று பார்த்தால், பாயில் இருந்த பெண் அல்ல.

ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம்தான், அதற்குள் எவரும் கைவைக்கக் கூடாது என்கிறார். இலங்கைச் சட்டம் ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை. 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் பணம் கடன்கொடுத்தல் கட்டளைச் சட்டம், கொடூரமான கடன் கொடுக்கல் வாங்கலை நீதிமன்றம் மறுபடி திறந்து பார்க்கலாம் என்றது. வெள்ளைக்காரன் காலத்திலேயே, கையெழுத்து இருந்தாலும் அநியாயம் அநியாயம்தான் என்பது இந்த நாட்டுச் சட்டத்துக்குத் தெரிந்திருந்தது. நியாயமற்ற ஒப்பந்த வாசகங்களுக்கென்று 1997இல் தனிச் சட்டமே வந்தது. தண்ட வட்டியையும் சேர்த்துச் சொல்கிறேன்: 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி, வழமையான வட்டிக்கு மேல் ஆண்டுக்கு 2 வீதத்துக்கு மிஞ்சித் தண்ட வட்டி அறவிடக் கூடாது என்று வங்கிகளுக்குக் கட்டளையிட்டது. அதற்கு மிஞ்சிப் பிடித்திருந்தால், எத்தனை கையெழுத்து இருந்தாலும் அது திருப்பிக் கொடுக்க வேண்டிய காசு.

இனி ஒரு கணக்குக் கூற்றைப் பார்ப்போம். எங்கள் பக்கத்து அக்கா ஒருவர் இரண்டு சில்லு உழவு இயந்திரம் ஒன்றை லீசிங்கில் எடுத்திருந்தார். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. தவணை பிந்தியதை அவர் மறைக்கவில்லை, பிந்திய தவணையையும் அதற்கான வட்டியையும் கட்டிவிட்டார். ஆனாலும் மீதி குறையவில்லை. கூற்றை வாங்கி வரச் சொல்லி, வரி வரியாக இருவரும் இருந்து பார்த்தோம். ஆவணக் கட்டணம். காப்புறுதி. நினைவூட்டல் கடிதக் கட்டணம், ஒரே மாதத்தில் இரண்டு தரம். அந்தக் கடிதங்களில் ஒன்றுகூட வீட்டுக்கு வரவில்லை. அதற்குக் கீழே "கள வருகைக் கட்டணம்" என்று ஒரு வரி. திகதியைப் பார்த்த அக்கா விரலை அதிலேயே வைத்துக்கொண்டார். 2024 நவம்பர் கடைசி, வெள்ளம் வந்த கிழமை. அந்தக் கிழமை எங்கள் பாதையில் மோட்டார் சைக்கிள் அல்ல, உழவு இயந்திரமே ஓடவில்லை. வயலும் தெருவும் ஒரே தண்ணீர். சனங்கள் பாடசாலைக் கட்டடத்தில் இருந்தார்கள். பூட்டிக் கிடந்த வீட்டுக்கு யார் எப்படி வந்து போனார்?

கடிதம் ஒரு பக்கம்தான். கணக்கு இலக்கம், திகதி, தொகை. இந்தக் கட்டணம் ஒப்பந்தத்தின் எந்த வாசகத்தின்படி பிடிக்கப்பட்டது? வந்த உத்தியோகத்தரின் பெயர் என்ன, வருகைப் பதிவின் பிரதி எங்கே? அனுப்பியதாகச் சொல்லும் நினைவூட்டல் கடிதங்களின் பிரதி எங்கே? ஒப்பந்தத்தைத் தமிழில் தாருங்கள். திருப்தியான பதில் வராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடுவேன். அவ்வளவுதான். ஒரு வசைச்சொல் இல்லை, ஒரு மிரட்டல் இல்லை. பதிவுத் தபாலில் போட்டு, துண்டைக் கடன் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். பதில் கடிதம் வரவில்லை. அடுத்த கூற்றில் வருகைக் கட்டணமும் நினைவூட்டல் கட்டணங்களும் கழிக்கப்பட்டிருந்தன. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. நியாயமாகப் பிடித்த காசை எந்த நிறுவனமும் ஒரு பக்கக் கடிதத்துக்குப் பயந்து திருப்பித் தராது. நியாயம் இருந்திருந்தால் விளக்கம் எழுதியிருப்பார்கள். கட்டுரையாளர் "அலைக்கழிப்பு" என்று எழுதியது இந்தக் கடிதத்தைத்தான்.

சின்னத் தொகை என்கிறார். இதுதான் அந்தக் கட்டுரையிலேயே மிகவும் மோசமான பகுதி. ஒருத்திக்குச் சின்னத் தொகை என்பதால் அவள் கேட்கமாட்டாள். அவள் கேட்கமாட்டாள் என்பதால்தான் அந்தக் கட்டணம் ஆயிரம் பேரிடம் பிடிக்கப்படுகிறது. இந்தியாவின் ஸ்டேட் பாங்க், கணக்கில் குறைந்தபட்ச மீதி வைக்காத வாடிக்கையாளர்களிடம் 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை மட்டும் 1,771 கோடி இந்திய ரூபாய் அறவிட்டது. அந்த ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரையான காலாண்டில் அந்த வங்கி உழைத்த நிகர இலாபத்தைவிட அது அதிகம். மீதி வைக்க வழியில்லாதவர்களிடம் சில்லறை சில்லறையாகப் பிடித்த காசு அது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது, கட்டணம் குறைக்கப்பட்டது, 2020 மார்ச்சில் சேமிப்புக் கணக்குகளுக்கு அந்த நிபந்தனையே நீக்கப்பட்டது. அது இல்லாமலும் வங்கி நடக்கிறது.

ஆயிரம் ரூபாய் எங்கள் ஊரில் சின்னத் தொகையும் அல்ல. கூலிக்கு நாற்றுப் பிடுங்கும் பெண்ணுக்கு அது எத்தனை மணி நேர வேலை என்று கட்டுரையாளர் ஒருநாள் வயலில் இறங்கிக் கேட்டிருந்தால் அந்த வரியை எழுதியிருக்கமாட்டார்.

லண்டன் தீர்ப்பு பற்றி அவர் எழுதியது வாசகரைத் தவறாக வழிநடத்துகிறது. நடந்ததைச் சொல்கிறேன். கணக்கில் காசு இல்லாதபோது ஒரு கொடுப்பனவு திரும்பினாலோ அனுமதியில்லாத மிகைப்பற்று ஏற்பட்டாலோ பிரித்தானிய வங்கிகள் ஒவ்வொரு தடவையும் 30 பவுணுக்கு மேல் பிடித்துவந்தன. 2005க்குப் பிறகு சாதாரண சனங்கள் வங்கிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். வங்கி மறுத்தால் கவுண்டி நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் சட்டத்தரணி இல்லாமலே வழக்கு வைத்தார்கள். வங்கிகள் அநேகமான வழக்குகளில் விசாரணைக்கு முன்பே காசைத் திருப்பிக் கொடுத்தன. தங்கள் கட்டணத்தின் உண்மையான செலவை ஒரு நீதிபதியின் முன்னால் சொல்ல அவை விரும்பவில்லை. இதே காலத்தில், 2006இல், கடனட்டைத் தவறுகளுக்கு 12 பவுணுக்கு மேல் பிடித்தால் அதை நியாயமற்றதாகக் கருதுவோம் என்று நியாய வர்த்தக அலுவலகம் அறிவித்தது. கட்டணங்கள் இறங்கின.

பிறகுதான் அந்த அலுவலகம் வங்கிகளுக்கு எதிராகப் போட்ட பரீட்சார்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2009 நவம்பர் 25ஆம் திகதி தீர்ப்பு வங்கிகளுக்குச் சாதகமாக வந்தது உண்மை. ஆனால் அந்தத் தீர்ப்பு கட்டணங்கள் நியாயமானவை என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. அந்தக் கட்டணங்கள் வங்கிச் சேவையின் விலையின் ஒரு பகுதி, ஆகவே குறித்த ஒழுங்குவிதியின் கீழ் விலை பொருத்தமானதா என்று அந்த அலுவலகம் மதிப்பிட முடியாது என்றுதான் சொன்னது. நாடாளுமன்றம் விரும்பினால் இதை மீண்டும் ஆராயலாம் என்று நீதியரசர் வோக்கர் தன் தீர்ப்பிலேயே குறிப்பிட்டார். கடைசியில் என்ன நடந்தது என்பதைக் கட்டுரையாளர் விட்டுவிட்டார். 2020 ஏப்ரலில் நிதி நடத்தை அதிகாரசபையின் புதிய விதி நடைமுறைக்கு வந்தது. அனுமதியில்லாத மிகைப்பற்றுக்கு அனுமதியுள்ள மிகைப்பற்றைவிடக் கூடுதலாக அறவிட முடியாது, ஒவ்வொரு தடவைக்கும் நிலையான கட்டணம் பிடிக்கவும் முடியாது. கடிதம் எழுதியவர்கள் வழக்கில் தோற்றார்கள், விடயத்தில் வென்றார்கள். பாதிக் கதையை எழுதி மீதியை மறைப்பது வங்கிக்காக வாதாடுவதாகும், வாசகருக்கு அறிவு சொல்வதாகாது.

நீதிமன்றத்தின் நேரம் வீணாகிறது என்ற கவலையைப் பார்க்கும்போதுதான் எனக்கு உண்மையில் கோபம் வருகிறது. கடன் கொடுத்தவருக்கு இந்த நாட்டில் என்னென்ன வழி இருக்கிறது? 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ், நிறுவனம் சத்தியக் கடதாசியோடு போனால் நீதிமன்றம் முதலிலேயே கட்டளை வழங்கும். கடனாளி தன் பக்கத்தைச் சொல்வதற்கே அனுமதி கேட்க வேண்டும். அதே ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், வங்கியின் பணிப்பாளர் சபை ஒரு தீர்மானம் எடுத்தால் போதும், நீதிமன்றப் படி ஏறாமலே ஈட்டுக் காணியை ஏலத்தில் விற்கலாம். இவ்வளவு விரைவான வழிகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு பெண் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டால் அது மட்டும் வீண்வேலை.

சனங்களுக்கு உள்ள வழிகள் குறைவு, ஆனால் இருக்கின்றன. முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறைப்பாடு. பதில் இல்லையென்றால் 1935 என்ற இலக்கத்துக்கு அழைத்து மத்திய வங்கியிடம் சொல்லலாம், எழுத்திலும் அனுப்பலாம். தனிநபரிடம் காசு வாங்காமல் விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த மத்தியஸ்த சபை பெரும்பாலும் ஊர்ப் பாடசாலையிலேயே கூடும், சட்டத்தரணி தேவையில்லை. இணக்கம் வராவிட்டால் சபை தரும் சான்றிதழோடு மட்டக்களப்பு நீதிமன்றத்துக்குப் போகலாம். சிறு கோரிக்கை நீதிமன்றங்களுக்கென்று 2022இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் நிறைவேற்றியதே, சிறிய தொகைக்கும் நீதி வேண்டும் என்பதற்காகத்தான். கட்டுரையாளர் சிறுமைப்படுத்துவது நாட்டின் சட்டம் திறந்து வைத்த கதவை.

நன்றி பற்றியும் அவர் பேசினார். 2018 செப்டம்பரில் இலங்கை வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வாங்கிய பெண்களிடம் 220 வீதம் வரை வட்டி அறவிடப்படுவதையும், அறவிட வருபவர்களால் பெண்கள் துன்புறுத்தப்படுவதையும் பகிரங்கமாகச் சொன்னார். அந்த ஆண்டிலேயே வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. 2021 மார்ச் 8ஆம் திகதி ஹிங்குராக்கொடையில் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். எங்கள் மாவட்டத்திலும் கடன் சுமையால் உயிரை மாய்த்துக்கொண்ட பெண்களின் வீடுகள் இருக்கின்றன. அந்த வீட்டுப் படியில் நின்று நன்றி என்ற சொல்லை அவரால் சொல்ல முடியுமா? கடன் இனாம் அல்ல. அதற்கு வட்டி கட்டுகிறோம். வட்டி கட்டும் ஒருவர் நன்றிக்கடன் பட்டவர் அல்ல, கணக்குக் கேட்கும் உரிமை உள்ளவர்.

கிளை மூடப்படும் என்ற மிரட்டலுக்கு வருகிறேன். மண்முனைத் துறையில் பாலம் 2014இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் பாதைப் படகில் ஏறி வாவியைக் கடந்து போய்த்தான் எங்கள் சனங்கள் எழுவான்கரை வங்கிகளில் காசு போட்டார்கள். பாலம் வந்த பிறகு நிறுவனங்கள் இந்தப் பக்கத்தைத் தேடி வந்தது எங்கள் மேல் இரக்கப்பட்டு அல்ல. இங்கே நெல் விளைகிறது, பால் கறக்கிறது, வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் காசு வருகிறது, அடகு வைக்க நகை இருக்கிறது. வராத வருகைக்கும் அனுப்பாத கடிதத்துக்கும் பிடிக்கும் கட்டணத்தில்தான் ஒரு கிளை உயிர் வாழ்கிறது என்றால், அந்தக் கணக்கைக் கட்டுரையாளர் வெளியிடட்டும். ஒரு நினைவூட்டல் கடிதத்துக்குத் தபாற்செலவு எவ்வளவு, அதற்குப் பிடிக்கும் கட்டணம் எவ்வளவு, இடைவெளி எங்கே போகிறது என்று அடுத்த இதழில் எழுதட்டும். அதே பக்கத்தில், அக்காவின் கூற்றிலிருந்த வரிகளை, பெயரையும் கணக்கு இலக்கத்தையும் எடுத்துவிட்டு, அவருடைய அனுமதியோடு நான் வெளியிடத் தயார்.