இலக்கணத்திலும் உயர்ந்த பால், தாழ்ந்த பாலா?

வேதத்திலும் புராணத்திலும் சட்டத்திலும் ஆண் உயர்ந்தவன் என்றும், பெண் தாழ்ந்தவள் என்றும் எழுதி வைத்திருப்பதை நாம் அறிவோம். ஆனால் குழந்தைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கும் இலக்கணப் பாடத்திலேயே, "ஆண்பால் பெண்பாலை வென்றுவிடும்" என்பதாக ஒரு விதியைச் சொல்லி, ஆணும் பெண்ணுமாக ஒரே பலகையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாக ஒப்பிக்கச் செய்து வந்த தேசம் ஒன்று உண்டு. அது ஏதோ காட்டுமிராண்டி தேசமல்ல. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்று வார்த்தைகளைச் சர்க்கார் கட்டடங்களின் நெற்றியில் பொறித்து வைத்திருக்கிற பிரெஞ்சு தேசமேயாகும்.

பிரெஞ்சு இலக்கணத்தைப் பற்றி நமக்கென்ன கவலை என்று சிலர் கேட்கக்கூடும். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் 1954 வரை பிரெஞ்சு ஆட்சி நடந்தபோது, அங்கே பிரெஞ்சு படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இந்த இலக்கணந்தான் கிடைத்தது. அது ஒருபுறமிருக்க, புரட்டு எந்தப் பாஷையில் இருந்தாலும் புரட்டுதான்.

முதலில் விதி இன்னதென்று சொல்லிவிடுகிறோம். பிரெஞ்சில் "வந்தாள்" என்று ஒரே வார்த்தையில் சொல்லுவதைவிட, "வந்தவளாக இருக்கிறாள்" என்பது போன்ற அமைப்பில் சொல்லுவதே பேச்சு வழக்கு. இதில் "வந்தவள்" என்பதற்குச் சமமான இறந்தகால எச்சச் சொல் ஒன்று வருகிறது. வந்தது ஒருவனா, ஒருத்தியா, பலரா என்பதற்கு ஏற்ப அந்தச் சொல்லின் வாலில் எழுத்து மாறும். பெண்பாலானால் ஒரு எழுத்து ஒட்டும். பன்மையானால் இன்னொரு எழுத்து ஒட்டும். பல சொற்களில் இந்த வால் எழுத்துக்களை வாயால் சொல்லுவதே கிடையாது. காதுக்குக் கேட்காது, கண்ணுக்கு மட்டும் தெரியும். எழுதும்போது விட்டுவிட்டால் வாத்தியார் மார்க்கைக் குறைத்துவிடுவார். எடுத்தது, எழுதினது போன்ற சில சொற்களில் மட்டும் வித்தியாசம் காதிலும் விழும்.

இது வரையில் குற்றமில்லை. நூறு பெண்கள் வந்தால் "வந்தவர்கள்" என்பது பெண்பால் பன்மை. ஆனால் அந்த நூறு பெண்களோடு ஒரே ஒரு ஆண்பிள்ளை சேர்ந்து வந்துவிட்டால் போதும், பெண்பால் எழுத்து உடனே மறைந்து எல்லோரும் ஆண்பாலாகி விடுவார்கள். ஆண்பிள்ளைகூட வேண்டாம், ஒரு கடுவன் நாய் வந்தாலும் அப்படியே. இன்னும் கேளுங்கள்: அந்தப் பாஷையில் உயிரில்லாத பொருள்களுக்கும் பால் உண்டு, சாக்கு என்பது ஆண்பால். ஆகவே நூறு பெண்களும் ஒரு சாக்கு மூட்டையும் ஊர் வந்து சேர்ந்தால், இலக்கணப்படி வந்து சேர்ந்தது ஆண்பால் கூட்டம். நூறு பெண்களின் பாலை ஒரு கோணிச் சாக்கு வென்றுவிட்டது!

"இது பாஷையின் சுபாவம், பாஷைக்குக் கண்ணா இருக்கிறது, வந்தவர்களை எண்ணிப் பார்க்க?" என்று இலக்கணப் புரோகிதர்கள் சமாதானம் சொல்லுகிறார்கள். இருக்கிறது என்பதுதான் நமது வாதம். அதற்கு அந்த இலக்கணத்திலிருந்தே சாட்சி கொண்டு வருகிறோம்.

நாம் ஒருவரை மரியாதையாக "நீங்கள்" என்பதுபோல, அவர்கள் "வூ" என்பார்கள். அந்தச் சொல் பன்மை. அதோடு வரும் வினையும் பன்மை. ஆனால் எச்சச் சொல் மட்டும் அந்த மரியாதையில் ஏமாறுவதில்லை. தன் எதிரே நிற்பது ஒரு கிழவி என்றால், ஒருமையிலும் பெண்பாலிலும் நிற்கும். பச்சையாகத் தமிழில் வைத்தால், "நீங்கள் வந்தவளாக இருக்கிறீர்கள்" என்று ஆகும். எதிரே இருப்பது ஒரு ஆண் என்றால் "வந்தவனாக இருக்கிறீர்கள்". பத்துப் பெண்கள் என்றால் பெண்பால் பன்மை. "வூ" என்கிற ஒரே சொல்லுக்கு நான்கு விதமான வால்! சொல்லைப் பார்த்தா இந்த வால் ஒட்டினார்கள்? ஆளைப் பார்த்து அல்லவா ஒட்டினார்கள்?

இரண்டாவது சாட்சி "ஓன்" என்கிற சொல். "ஒருவர்" என்று பொருள்படும் ஒருமைச் சொல் அது. ஆனால் ஜனங்கள் வீட்டிலும் தெருவிலும் அதை "நாம்" என்ற பொருளில் வழங்குகிறார்கள். வினை ஒருமையிலேயே நிற்கும். எச்சச் சொல்லோ பலர் வந்தால் பன்மைக்கும், வந்தவர் எல்லோரும் பெண்களானால் பெண்பால் பன்மைக்கும் போய்விடும். இதை இலக்கணமும் ஒப்புக்கொள்கிறது. பத்திரிகையில் எழுதுகிறவன் நம்மைப் போல "நாம், நாம்" என்று தன்னைப் பலராக்கிக் கொண்டு எழுதினாலும், எச்சச் சொல்லை ஒருமையில்தான் போடுவார்கள். எழுதுகிறவள் பெண்ணானால் பெண்பால் ஒருமை. எழுதுகிறவனின் பெருமையைக்கூட அந்த வால் எழுத்து நம்புவதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சாட்சியோ அரசனேயாவான். பிரெஞ்சு ராஜாவை "மாட்சிமை" என்று பட்டம் வைத்துத்தான் குறிப்பிடுவார்கள். அந்தச் சொல் பெண்பால். ஆதலால் "மாட்சிமை வந்திருக்கிறார்" என்று எழுதினால் எச்சச் சொல் பெண்பாலாகத்தான் வரும். மீசையும் வாளும் வைத்திருந்த ராஜாக்களெல்லாம் நூற்றுக்கணக்கான வருஷங்கள் இப்படிப் பெண்பாலில் வந்து, பெண்பாலில் போயிருக்கிறார்கள். அதனால் யாருடைய கிரீடமும் கீழே விழுந்துவிடவில்லை. ராஜாவுக்குப் பெண்பால் போட்டால் மரியாதை. நூற்றொரு பேரில் ஒருவனாக நிற்கும் சாமானிய ஆணுக்குப் போட்டால் மட்டும் மானம் போய்விடுமா?

ஆகவே ஆளைப் பார்க்கத் தெரிந்த இலக்கணம், பெண்களின் கூட்டத்தில் ஒரு ஆண் நுழைந்தவுடன் மட்டும் கண்ணை மூடிக்கொள்வானேன்? காரணத்தை நாம் ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை. விதியை எழுதினவர்களே மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

1635இல் ரிஷ்லியு என்னும் மந்திரி "பிரெஞ்சுக் கழகம்" என்ற பண்டித சபையை ஏற்படுத்தினான். நாற்பது ஆசனம், நாற்பதும் ஆண்கள். அதன் ஆரம்ப அங்கத்தினர்களில் ஒருவரான வோஜ்லா என்பவர் 1647இல் எழுதிய புத்தகத்தில், ஆண்பாலும் பெண்பாலும் சேர்ந்து வரும்போது ஆண்பால் அதிக உயர்குடித் தன்மை உடையதாதலால் அதுவே மேலோங்க வேண்டும் என்றார். 1651இல் சிப்பியோன் டூப்ளே (புதுச்சேரி கவர்னர் டூப்ளே அல்ல, அவருக்கு முந்தினவர்) ஒரே ஒரு ஆண்பால் பல பெண்பால்களையும் மிஞ்சி நிற்கும் என்றார். 1675இல் பூஊர் என்னும் ஏசுசபைப் பாதிரியும் இதையே பாடினார். 1767இல் போஸே என்னும் இலக்கணக்காரர் இன்னும் வெட்ட வெளிச்சமாக, ஆண்பால் உயர்ந்ததாகக் கருதப்படுவதற்குக் காரணம் ஆண் பெண்ணைவிட மேலானவனாய் இருப்பதே என்று எழுதினார். இதில் ஓசை, தெளிவு, சுருக்கம் என்ற காரணம் ஏதாவது இருக்கிறதா? "மேல் குலம், கீழ் குலம்" என்று நம் நாட்டில் சொல்லும் அதே காரணந்தானே! இன்றைய பண்டிதர்கள் அந்தப் பழைய காரணத்தைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, "ஆண்பால் என்பது பொதுப்பால்" என்று புதிய பெயர் சூட்டியிருக்கிறார்கள். சரக்கு பழையது, சீட்டு மட்டும் புதிது.

வேடிக்கை என்னவென்றால், அந்த வோஜ்லாவே தமது விதி காதுக்குப் பிடிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். இருதயமும் வாயும் திறந்திருக்கின்றன என்று சொல்ல வேண்டிய இடம். பிரெஞ்சில் இருதயம் ஆண்பால், வாய் பெண்பால். விதிப்படி ஆண்பால் பன்மை போட வேண்டும். ஆனால் காது அப்படிக் கேட்டுப் பழகவில்லையாதலால் அதை ஏற்கத் தயங்குகிறது என்கிறார். காது ஏன் பழகவில்லை? ஏனெனில் அது வரையில் ஜனங்களும் கவிகளும், பக்கத்தில் எந்தச் சொல் நிற்கிறதோ அதன் பாலையே பின்பற்றும் வழக்கத்தையும் தாராளமாகக் கைக்கொண்டிருந்தார்கள். பெரிய நாடகக் கவியான ராசின், வோஜ்லாவின் புத்தகம் வெளிவந்து நாற்பத்து நான்கு வருஷங்களுக்குப் பின்னும், 1691இல் எழுதிய "அத்தலி" நாடகத்தில் அப்படியே எழுதியிருக்கிறார். பண்டிதர்கள் சட்டம் போட்டார்கள், பாஷை உடனே கீழ்ப்படியவில்லை என்பதே உண்மை.

அந்தக் காலத்துப் பெண்களும் சும்மா இருக்கவில்லை. மெனாஜ் என்ற பண்டிதர் ஒரு நாள் செவிஞே சீமாட்டியிடம் தமக்கு ஜலதோஷம் என்றாராம். அந்த அம்மாள், "நானும் அப்படித்தான்" என்று "அப்படி" என்பதைப் பெண்பாலாக்கிச் சொன்னார். பண்டிதர் குறுக்கிட்டு, இலக்கணப்படி அங்கே ஆண்பால் உருவைத்தான் சொல்ல வேண்டும் என்று திருத்தினார். அப்படிச் சொன்னால் எனக்குத் தாடி முளைத்தது போலிருக்கும் என்று அம்மாள் பதில் சொன்னாராம். ஜலதோஷம் பிடித்தது யாருக்கு என்பதுகூடப் பண்டிதருக்கு முக்கியமில்லை, தமது விதிதான் முக்கியம்!

இலத்தீன் பாஷையிலேயே இப்படித்தானே இருந்தது என்று சிலர் கிளம்புகிறார்கள். இருந்தது, வாஸ்தவந்தான். அதே ரோமர்கள் வயது வந்த பெண்ணையும் ஒரு ஆணின் பாதுகாப்பில் வைத்துச் சட்டம் செய்தார்கள். பழமை என்பதற்காக ஒன்றை ஒப்புக்கொள்வதானால் அந்தச் சட்டத்தையும் அல்லவா கூடவே வைத்திருக்க வேண்டும்?

நிற்க. "ஆண்பால் பன்மை பெண்களையும் உள்ளடக்கியது, ஆகையால் யாருக்கும் நஷ்டமில்லை" என்பதுதான் எதிரிகளின் பிரம்மாஸ்திரம். இந்த அஸ்திரத்தின் யோக்கியதையைச் சரித்திரத்தில் பார்ப்போம்.

1793 அக்டோபர் 30ந் தேதி பிரெஞ்சுப் புரட்சி சபை பெண்களின் சங்கங்களையெல்லாம் தடை செய்தது. மறுநாள் அதே சபையின் முன் ஒரு மனு வந்தது: "வூ" என்கிற மரியாதைச் சொல் பிரபுக்களின் மிச்சம், இனி எல்லோரையும் "நீ" என்றே அழைக்க வேண்டும், சமத்துவத்திற்கு அதுவே வழி என்று. இதற்குப் பின் மூன்றாம் நாள், நவம்பர் 3இல், பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதிய ஒலிம்ப் தெ கூஜ் என்ற மாதின் தலை வெட்டப்பட்டது. தூக்குமேடை ஏற உரிமையுள்ள பெண்ணுக்குப் பேச்சுமேடை ஏறவும் உரிமை வேண்டும் என்று 1791இலேயே எழுதினவர் அவர். முதல் உரிமையை மட்டும் தாராளமாகக் கொடுத்தார்கள். மரியாதைச் சொல்லில் சமத்துவம் தேடினவர்கள், பால் விதியில் தேடவில்லை. ஆண்பாலை உயர்ந்த பாலாக இலக்கணத்தில்கூடக் கருதக்கூடாது என்று அந்தப் புரட்சிக் காலத்திலேயே பெண்களின் பெயரால் ஒரு விண்ணப்பம் அச்சானதுண்டு. அதைச் சட்டை செய்தவர் யாருமில்லை.

1848இல் "பிரெஞ்சுக்காரர் எல்லோருக்கும்" ஓட்டு என்று அரசியல் சட்டம் எழுதினார்கள். ஆண்பால் பன்மை! அது பெண்களையும் உள்ளடக்கியதல்லவா? ஆனால் ஓட்டுச் சாவடிக்கு ஆண்கள் மட்டுமே போனார்கள். வரி கட்ட வேண்டிய "பிரெஞ்சுக்காரர்" என்ற சொல்லில் நான் இருக்கிறேன், ஓட்டுப் போடும் "பிரெஞ்சுக்காரர்" என்ற சொல்லில் நான் இல்லையா என்று கேட்டு, 1880இல் உபெர்தின் ஓக்ளேர் என்ற அம்மாள் வரி கட்ட மறுத்தார். சர்க்கார் ஒப்பவில்லை. 1885இல் அந்நாட்டின் உயர்ந்த நீதிமன்றம், தேர்தல் சட்டத்திலுள்ள அந்தச் சொல்லில் பெண்கள் அடங்கமாட்டார்கள் என்றே முடிவு செய்தது. 1944இல் தனியாக ஒரு உத்தரவு போட்டுப் பெண்களைக் குறிப்பிட்டுச் சொன்ன பிறகுதான், 1945இல் அவர்கள் முதல் முறையாக ஓட்டுப் போட்டார்கள். கட்ட வேண்டிய இடத்தில் பெண் உள்ளே. பெற வேண்டிய இடத்தில் பெண் வெளியே. இதற்குப் பெயர் பொதுப்பாலா? வசதிப்பால் என்றல்லவா சொல்ல வேண்டும்!

பண்டித சபை தனது முதல் பெண் அங்கத்தினராக மார்கரித் யூர்சனாரைத் தேர்ந்தெடுத்தது 1980இல். சபை தோன்றி 345 வருஷங்கள்! அந்தச் சபை 2017 அக்டோபரில், ஆணையும் பெண்ணையும் சேர்த்துக் காட்டும்படி எழுதுகிற புதிய முறையால் பிரெஞ்சுப் பாஷைக்கு உயிராபத்து வந்துவிட்டதாக அலறியது. ஒரு சொல்லுக்குள் புள்ளி வைத்து இரண்டு பால் வாலையும் எழுதுவது அந்த முறைகளில் ஒன்று. படிக்கச் சிரமம் என்று சிலர் சொல்லுவதில் நியாயமில்லாமலில்லை. நமக்கும் புள்ளி மேல் மோகமில்லை. ஆனால் பக்கத்துச் சொல்லின் பாலைப் பின்பற்றும் பழைய வழக்கத்துக்குப் புள்ளியும் வேண்டாம், புது எழுத்தும் வேண்டாமே! புள்ளியைக் காட்டிப் பயமுறுத்தி, பழைய வழக்கத்தையும் சேர்த்துப் புதைக்கப் பார்ப்பது பித்தலாட்டமல்லவா?

அதே வருஷம் நவம்பர் 7ந் தேதி, 314 ஆசிரியர்கள் கையெழுத்திட்டு, "ஆண்பால் பெண்பாலை வெல்லும்" என்ற பாடத்தை இனிக் கற்பிக்க மாட்டோம் என்று வெளியிட்டார்கள். அருகிலுள்ள சொல்லைப் பின்பற்றலாம், எண்ணிக்கை அதிகமான பாலைப் பின்பற்றலாம், எழுதுகிறவரின் இஷ்டப்படியும் விடலாம் என்றார்கள். இரண்டு வாரத்திற்குள் பிரதம மந்திரி, சர்க்கார் கெஜட்டில் ஆண்பாலையே பொது உருவாக வைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். 2023 அக்டோபர் 30இல் ஜனாதிபதி மக்ரோன், அந்தப் பாஷையில் ஆண்பாலே பொதுப்பாலாக இருக்கிறது, புள்ளிகள் தேவையில்லை என்று மேடையில் பேசினார். பெண்களின் சங்கங்களை மூடிய தேதிக்குச் சரியாக 230 வருஷம் நிறைந்த நாள் அது.

அவர் பேசிய மேடைக்கு எதிரில் ஆண்களும் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்து "வந்திருக்கிறீர்கள்" என்று அவர் சொல்லி, அதை ஒரு பையன் எழுதினால், "வூ" என்ற மரியாதைச் சொல்லுக்குப் பின்னால் ஆண்பால் பன்மை வாலைத்தான் போட வேண்டும். அந்த அம்மாள்களில் யாராவது ஒருவரைத் தனியாக அழைத்துப் பேசினால், பெண்பால் எழுத்து உடனே திரும்பி வந்துவிடும்.