பாங்கு சொன்ன காது கேட்கிறதா?



குழந்தை பிறந்த செய்தி வந்ததும் என்ன செய்கிறோம்? ஆணா, பெண்ணா என்று கேட்கிறோம். ஓடிப்போய் வலது காதில் பாங்கு சொல்கிறோம். பேரீச்சம்பழத்தை மென்று நாவில் தடவுகிறோம். ஏழாம் நாள் அகீகாவுக்கு ஆடு பார்க்கக் கிளம்பிவிடுகிறோம். எல்லாம் சரி. பாங்கு சொன்ன அந்தக் காது கேட்கிறதா என்று நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்?

கேலிக்காகக் கேட்கவில்லை. 1000 குழந்தைகள் பிறந்தால் அவற்றில் ஒன்று முதல் மூன்று வரை கேட்கும் திறனில் பெரும் குறையோடு பிறக்கின்றன. பார்த்தால் தெரியாது. பால் குடிக்கும், அழும், முகம் பார்த்துச் சிரிக்கும். இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லையே என்று தாய் கலங்கினால், 'அவன் அத்தாவும் லேட்டாத்தான் பேசுனான்' என்று பாட்டி வாயை அடைத்துவிடுவார். அதற்குள் மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் முக்கியமான காலம் வீணாகியிருக்கும். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குதல். இதுதான் மருத்துவ உலகம் வைத்திருக்கும் கணக்கு. சோதனையோ, குழந்தை தூங்கும்போதே காதில் ஒரு சிறு கருவியை வைத்துச் சில நிமிடங்களில் முடித்துவிடக்கூடியது!

அடுத்தது குதிகால் ரத்தம். பிறந்த இரண்டு மூன்று நாளில் குதிகாலில் குத்தி, சில சொட்டு ரத்தத்தை ஒரு தாளில் எடுக்கிறார்கள். 'பச்சைப் பிள்ளையைப் போய்க் குத்துறாங்களே' என்று ஒரு பக்கம். 'பில்லை ஏத்துறதுக்கு ஒரு வழி' என்று இன்னொரு பக்கம். இந்தச் சந்தேகத்திலும் நியாயம் இல்லாமலில்லை. வேண்டாத டெஸ்ட் எழுதுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் இது அந்த வகை அல்ல.

பிறவித் தைராய்டு குறைபாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் சுமார் 1000 குழந்தைகளுக்கு ஒன்று இக்குறையோடு பிறக்கிறது. தைராய்டு சுரப்பு இல்லாவிட்டால் மூளை வளராது. அறிகுறி கண்ணுக்குத் தெரிவதற்குச் சில மாதங்கள் ஆகும். தெரிந்த பிறகு மருந்து கொடுத்தாலும் போன அறிவு முழுமையாகத் திரும்பாது. இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்து மருந்தைத் தொடங்கினால் அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே படிக்கும், ஓடும், கடையில் கல்லாவிலும் உட்காரும். மருந்து என்ன தெரியுமா? தினம் ஒரு சிறு மாத்திரை. அதைப் பொடித்துத் தாய்ப்பாலில் கலந்து கொடுத்தால் போதும். ஒரு நாள் செலவு ஒரு டீயின் விலைகூட இல்லை.

இவ்வளவு எளிதான விஷயத்தை எது கெடுக்கிறது? மறைப்புதான் கெடுக்கிறது. 'பொம்பளப் பிள்ளைக்குத் தைராய்டுன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவா?' என்று ரிப்போர்ட்டை பீரோவில் பூட்டுகிறவர்கள் உண்டு. பிள்ளை கொழுகொழுவென்று இருப்பதைப் பார்த்து மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு. மாத்திரை கொடுத்ததால்தானே பிள்ளை அப்படி இருக்கிறது?

இன்னொரு தவறான எண்ணம், சோதனையில் 'சந்தேகம்' என்று வந்தாலே நோய் என்று இடிந்துபோவது. அரிசி வியாபாரம் செய்யும் சகோதரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. சல்லடையில் நிற்பதெல்லாம் கல் அல்ல. கையில் எடுத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குத்தான் மறுசோதனை. முதல் நாளிலேயே ரத்தம் எடுத்தால், தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் எல்லாக் குழந்தைக்கும் இயற்கையாகவே ஏறி நிற்கும். வீண் பயம் வரும். மறுநாளே டிஸ்சார்ஜ் ஆகிறவர்கள், எப்போது வந்து ரத்தம் கொடுப்பது என்று கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

ஜி-6-பி-டி குறைபாடு என்று ஒன்றுண்டு. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வரும். இக்குறையுள்ள குழந்தைக்கு பீரோவில் போட்டு வைக்கும் அந்துருண்டையின் வாடை படிந்த உடுப்பும், 40-ம் நாளில் நாம் ஆசையாக இடும் மருதாணியும் ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடலாம். முன்பே தெரிந்தால் விலக்கிக்கொள்ளலாம். வேறு வைத்தியம்கூட வேண்டாம்.

சொந்தத்தில் மணம் முடிப்பதையும் பேசத்தான் வேண்டும். தமிழகத்தில் எல்லாச் சமூகத்திலும் உள்ள வழக்கம் இது. நம்மை மட்டும் குறை சொல்கிறவர்களுக்கு, தாய்மாமன் மருமகளை மணப்பதை நம் மார்க்கம் தடுத்திருப்பது தெரியாது போலும்! சாச்சா மகளை, மாமி மகளை மணக்க மார்க்கம் அனுமதித்திருக்கிறது; கட்டளையிடவில்லை. செவிட்டுத்தன்மை உட்படச் சில பிறவிக் குறைகள் நெருங்கிய சொந்தத்தில் கூடுதலாக வருகின்றன. அப்படி மணந்தவர்கள் இந்தச் சோதனைகளை விட்டுவிடவே கூடாது.

'அல்லாஹ் கொடுத்தது, அவன் பார்த்துக்குவான்' என்பவர்களுக்கு ஒன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டச் சொன்ன மார்க்கம் அல்லவா இது? ஐக்கிய அரபு அமீரகம் 1995-லேயே பிறந்த குழந்தைகளுக்கு இந்த ரத்தச் சோதனையைத் தொடங்கிவிட்டது. சவூதி அரேபியா 2004 முதல் நிக்காஹ்வுக்கு முன்பே மணமக்களின் ரத்தத்தைச் சோதிக்கிறது. அங்கே உழைக்கும் நம் சகோதரரின் மனைவி ஊருக்கு வந்து பிரசவித்தால் மட்டும் சோதனை கிடையாதா?

நம் நாட்டில் கோவா 2008-ல் தொடங்கியது. கேரளமும் தன் அரசு மருத்துவமனைகளில் செய்கிறது. மத்திய அரசு 2013-ல் கொண்டு வந்த குழந்தைகள் நலத் திட்டத்தின் 30 குறைபாடுகளில் காது கேளாமை இருக்கிறது. பிறவித் தைராய்டோ மாநிலங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. 1000-க்கு ஒரு பிள்ளையின் அறிவைக் காக்கும் மாத்திரை விருப்பத்துக்கு உரியதா? தமிழகத்தின் எல்லா அரசு மருத்துவமனையிலும், எல்லாக் குழந்தைக்கும், இலவசமாக இது கிடைக்க வேண்டும். மனு எழுதுவது நமக்குப் புதிதல்ல. அடுத்த மனு இதற்காக இருக்கட்டும்.

ரத்த தான முகாமில் வரிசையில் நிற்கும் இளைஞர்களே! ஊர் பேர் தெரியாதவருக்கு ஒரு பாட்டில் ரத்தம் கொடுக்கிறீர்கள். உங்கள் பிள்ளையின் குதிகாலில் நாலு சொட்டு எடுக்க ஏன் தயங்குகிறீர்கள்? வியாபாரிகளே! லோடு ஒரு நாள் தாமதமானால் லாரி ஆபீசுக்குப் பத்து முறை போன் போடுகிறோம். பிள்ளையின் ரிப்போர்ட் வந்ததா என்று ஒரு முறையாவது கேட்கிறோமா? ஜும்ஆ பயானில் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்கும்படி ஜமாஅத்தாரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. ரத்தம் எடுக்கும்போது படிவத்தில் போன் நம்பர் கேட்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் கணவரின் நம்பரையோ, அடுத்த மாதம் மாற்றப்போகும் சிம்மின் நம்பரையோ எழுதாதீர்கள். தாயின் கையில் இருக்கும் நம்பரை எழுதுங்கள்.