புத்தகத்தை மூடவும் நேரம் வேண்டும்

ஆசிரியர் ஒரு வரி வாசிக்கிறார். வகுப்பே அதைத் திரும்பச் சொல்கிறது. கேள்வி-பதில் கரும்பலகையிலிருந்து நோட்டுக்கு இறங்கி, தேர்வுக்கு முதல் நாள் மனப்பாடமாகிறது. நம் பள்ளிகள் பலவற்றில் பாடம் இன்னும் இப்படித்தான் நடக்கிறது. மாணவர் தானாக யோசிக்க இதில் இடமே இல்லை.

திரும்பத் திரும்பப் படித்தால் பதியும் என்ற நம்பிக்கையை அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் சோதித்தார்கள். கல்லூரி மாணவர்கள் ஒரு பத்தியை இருமுறை படித்தார்கள்; இன்னொரு பத்தியை ஒருமுறை மட்டும் படித்து, நினைவிலிருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்து, இருமுறை படித்ததில் 81 சதவீதமும் எழுதிப் பார்த்ததில் 75 சதவீதமும் நினைவிருந்தன. ஒரு வாரத்தில் நிலைமை தலைகீழானது: படித்தது 42, எழுதிப் பார்த்தது 56.

பொருள் புரிவதற்கும் வழி இருக்கிறது. எழுத்துக்கூட்டத் தெரிந்தும் கருத்து பிடிபடாத ஏழாம் வகுப்பு மாணவர்களை ஆய்வாளர்கள் பாலின்சாரும் பிரவுனும் சிறு குழுக்களாக உட்காரவைத்தார்கள். அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது, கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவாக்கிக்கொள்வது, சுருக்கிச் சொல்வது என்ற நான்கு வேலைகளையும் மாணவர்களே முறைவைத்து நடத்தினார்கள். அவர்களின் புரிதல் கணிசமாக உயர்ந்ததை 1984-இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது.

வாசிக்கவே தடுமாறும் பிள்ளைகளிடம் இதெல்லாம் எடுபடுமா என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. 2024 ‘அசர்’ (ஆண்டுக் கல்வி நிலை அறிக்கை) ஆய்வின்படி, நாட்டின் ஊரக அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பு மாணவர்களில் 23.4 சதவீதத்தினரே இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பு நிலையறிந்து கற்பிப்பது முதல் படியாகிறது.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளைக் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறது. பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக வளர்கின்றன. தொடக்க வகுப்பில் ஏற்றுக்கொண்ட இந்த அணுகுமுறையை, உயர்நிலை வகுப்புகளில் ‘சிலபஸ் முடிக்க வேண்டும்’ என்ற அவசரத்துக்குப் பலிகொடுக்கக் கூடாது.

ஒவ்வொரு பாடவேளையிலும் கடைசிப் பத்து நிமிடம் புத்தகம் மூடப்பட வேண்டும். மாணவர் படித்ததைத் தன் சொற்களில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லட்டும், நோட்டில் எழுதட்டும். அதற்கு மதிப்பெண் வேண்டாம். தவறுகளை ஆசிரியர் அங்கேயே திருத்தினால் போதும்.

ஆசிரியரை மட்டும் மாறச் சொல்வது நியாயமல்ல. பார்வையிட வரும் அதிகாரிகள் நோட்டுகளை எண்ணுவதை விட்டு, மாணவர் பேசுவதைக் கேட்க வேண்டும். பாடநூலில் இல்லாத பத்திகளுக்கு வினாத்தாளில் கூடுதல் இடம் தர வேண்டும். பள்ளிக்கல்வித் துறை இதற்கான ஆணையை அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன்பே வெளியிட வேண்டும்.