மலையின் கணக்கும் படத்தின் கணக்கும்

இது கணிப்பொறி யுகம் என்று மேடைதோறும் கேட்கிறோம். மழை எவ்வளவு பெய்யும், வெள்ளம் எங்கே புகும், அணை எப்போது நிறையும் என்பதையெல்லாம் அது முன்கூட்டியே சொல்லிவிடுமாம். சொல்லட்டும், மகிழ்ச்சியே. ஆனால் அது நம் மலையையும் ஆற்றையும் எப்படிப் பார்க்கிறது என்று நாமும் சற்றுப் பார்க்க வேண்டாமா?

மாஞ்சோலையை எடுத்துக்கொள்வோம். மணிமுத்தாறு அணையைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஊர்கள் வரும். மாஞ்சோலைச் சரிவில் பெய்யும் மழை ஓடைகளில் இறங்கி, அணையில் தங்கி, பிறகு தாமிரபரணியில் சேருகிறது. இதைக் கணிப்பொறியில் அமைக்கும்போது மலை ஒரு பரப்பாகிறது. ஓடை வெறும் கோடாகிறது. அணையோ 118 அடி வரை ஏறி இறங்கும் ஒரே ஒரு எண்ணாகிவிடுகிறது. ஒரு வடிவத்தில் கிடைத்த மதிப்பை அடுத்த வடிவத்துக்கு ஏற்றினால்தான் கணக்கு நகரும். பிழை நுழைவதும் அந்த இடத்தில்தான் என்பது எங்கள் கருத்து.

வீட்டில் பாருங்கள். தாம்பாளத்தில் ஒரு விரல் உயரம் நிற்கும் தண்ணீரைச் செம்பில் ஊற்றினால் அது ஒரு விரல் உயரமாகவா நிற்கும்? உயரம் மாறும், மொத்தத் தண்ணீர் மாறாது. ஆகவே மலையில் பெய்த மழையின் உயரத்தை அப்படியே ஓடைக்குக் கொடுக்கக் கூடாது. மொத்தத்தைத்தான் கொடுக்க வேண்டும். வெப்பநிலையோ இதற்கு நேர்மாறு. 20 பாகை எந்த வடிவத்துக்குப் போனாலும் 20 பாகையே. அதை மொத்தம் கூட்டினால் பைத்தியக்காரத்தனமாகும்! எதைக் காப்பது, எதை மாற்றுவது என்று இயந்திரத்துக்குத் தானாகத் தெரியாது. மனிதர்தான் சொல்ல வேண்டும்.

சரிவின் பரப்பிலும் இதே சிக்கல்தான். ஓட்டு வீடு கட்டுவோர் சரிவை அளந்து ஓடு வாங்குவார்கள். ஆனால் அந்தக் கூரையில் விழும் மழைநீருக்குக் கணக்கு, கூரை தரையில் மறைக்கும் இடம்தான். மலைக்கும் அதுவே விதி. 30 பாகைச் சரிவில் 100 மீட்டர் நடந்தால் வரைபடத்தில் 86.6 மீட்டர்தான் கடந்திருப்போம். படத்தில் ஒரு ஏக்கர் என்றிருப்பது சரிவில் ஏறத்தாழ 1.15 ஏக்கர். தேயிலை பறித்தவர்களின் கால்கள் நடந்தது அந்தப் பெரிய ஏக்கரில். மழை பெய்வது சிறிய ஏக்கரில். இரண்டும் உண்மையே. படத்தில் ஒரு சதுர கிலோமீட்டர் இடத்தில் 50 செ.மீ. மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீர் 50 கோடி லிட்டர். தவறிப்போய்ச் சரிவின் பரப்பால் பெருக்கினால் இல்லாத 7.7 கோடி லிட்டர் கணக்கில் வந்துவிடும்.

இதைவிட அஞ்சத்தக்கது வேறொன்று. மலையின் ஒவ்வொரு புள்ளியும் ஓடையின் எந்தப் புள்ளிக்கு நீர் தரும்? “அருகில் உள்ள புள்ளிக்கு” என்பது மென்பொருளில் கிடைக்கும் எளிய விதி. வரைபடத்தில் அது அழகாகவே தோன்றும். தண்ணீருக்கோ அருகும் தொலைவும் கிடையாது, பள்ளம்தான் உண்டு. குதிரைவெட்டியைத் தாண்டினால் மேல் கோதையாறு. அங்கே விழும் மழை நம் ஆற்றுக்கு வராது. பேச்சிப்பாறை வழியாகக் குமரி மாவட்டத்துக்குப் போகும். முகட்டுக்கு அந்தப் பக்கம் விழும் துளிக்கு நம் ஓடை எவ்வளவு அருகில் இருந்தாலும் என்ன பயன்? எளிய விதியை நம்பினால் கணிப்பொறி ஒரு மாவட்டத்தின் நீரை இன்னொரு மாவட்டத்தின் வெள்ளமாக்கிவிடும்.

சின்னப் பிழைதானே என்பார்கள் சிலர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் இரயிலோடு ஏறத்தாழ 800 பேர் சிக்கிக்கொண்டனர். அந்த வெள்ளம் முழுவதும் மலையிலிருந்து வந்ததன்று. சமவெளியிலேயே பெய்ததும் ஏராளம். அப்படியானால் இது மலை நீர், இது ஊர் நீர் என்று பிரித்துச் சொல்லும் கணக்கு எவ்வளவு சரியாக இருக்க வேண்டும்! மதகை எப்போது திறப்பது, எந்தத் தெருவினரை முதலில் முகாமுக்கு அழைப்பது என்பதெல்லாம் அதைப் பொறுத்தது அல்லவா?

1802-இல் சென்னை பரங்கிமலை அருகே நில அளவையைத் தொடங்கிய லாம்டன், சரிவில் அளந்த நீளத்தை மட்ட நீளமாக மாற்றிய பிறகே பயன்படுத்தினார். என்ன விதியால் மாற்றினார் என்பதை எழுதியும் வைத்தார். இன்றைய பொறியாளர்களிடமும் நாங்கள் வேண்டுவது இதுவே. எந்த வடிவத்திலிருந்து எந்த வடிவத்துக்கு, எந்த விதியால் மாற்றினீர்கள் என்பதை முடிவின் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிங்கம்பட்டி ஜமீன் நிலம் 1929-இல் தேயிலைக்குக் குத்தகையானது முதல் தலைமுறை தலைமுறையாக அந்தச் சரிவுகளில் நடந்தவர்கள் இருக்கிறார்கள். எந்தச் சரிவின் நீர் எந்த ஓடையில் இறங்கும் என்று கேட்டால் அவர்கள் கைகாட்டுவார்கள். 2024-இல் தோட்ட வேலை நின்றுபோனது. குடும்பங்கள் பல மலையிறங்கிவிட்டன. படம் வரைவோர் அவர்களைத் தேடிச் சென்று கேட்க வேண்டிய காலம் இதுவே. பத்தாம் வகுப்புக் கணிதத்தில் கோபுரத்தின் உயரத்தை எத்தனை முறை கண்டுபிடித்துவிட்டோம்! ஒரே ஒரு கணக்கிலாவது ஒரு மலைச்சரிவைக் கொடுத்து, செடிக்கு எவ்வளவு பரப்பு, மழைக்கு எவ்வளவு பரப்பு என்று ஆசிரியைகள் கேட்டால் நாங்கள் மகிழ்ச்சியோடு போடுவோம்.