முளையிலே தெரிந்த பயிருக்கு நீர் எங்கே?

வன்னியின் கல்லூரி ஒன்றில் 16 வயது மாணவன் ஒருவன் இருப்பதாகக் கொள்வோம். கூடைப்பந்து அவன் கையில் கிடைத்துவிட்டால் எதிரணியினர் திகைத்து நிற்கின்றனர். கண் ஒரு திசையிலும் கை மறு திசையிலுமாக அவன் பந்தை நகர்த்தும் லாவகத்தைக் கண்ட ஆசிரியர்கள், "விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்று வியக்கின்றனர். வியந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகின்றனர். மூன்றாண்டு கழித்து அவன் கடை ஒன்றில் மூட்டை தூக்குகிறான். "பையனுக்குக் கொடுத்து வைக்கவில்லை" என்று அதே ஆசிரியர்கள் அனுதாபம் கொள்கின்றனர்.

அந்தப் பழமொழி வயலில் பிறந்தது. அதைச் சொன்ன கமக்காரன் முளையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவனல்லன். இரணைமடு வாய்க்காலில் நீர் எப்போது வரும் என்று இராப்பகலாகக் காத்திருந்தான், களை பிடுங்கினான், பசளை இட்டான், பன்றிக்குக் காவல் இருந்தான். நீரில்லாமல் கருகிய பயிரைப் பார்த்து, "இதற்கு விளையும் திறமை இல்லை" என்று எந்தக் கமக்காரனும் தீர்ப்புக் கூறியதில்லை. மனிதப் பயிரைப் பற்றித்தான் நம் சமுதாயம் அவ்வாறு தீர்ப்புக் கூறுகிறது.

திறமை பிறப்போடு வருவது, அது எப்படியும் வெளிப்பட்டே தீரும் என்னும் நம்பிக்கை நமது ஊர்களில் இன்னும் ஆட்சி செலுத்துகிறது. இது குற்றமற்ற நம்பிக்கை அன்று. பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரித்த பழைய சித்தாந்தத்தின் புதிய வேஷமே இது. வென்றவன் திறமையால் வென்றான், தோற்றவன் திறமையின்மையால் தோற்றான் என்று சொல்லிவிட்டால், பொறுப்பிலிருந்து எல்லாரும் தப்பித்துக்கொள்ளலாமல்லவா?

கூடைப்பந்தாட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1891 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் ஆசிரியர், பனிக்காலத்தில் வெளியே விளையாட முடியாத மாணவருக்காக, கட்டடத்துக்குள் ஆடுவதற்கென்று வகுத்த ஆட்டம் இது. பீச் பழக் கூடைகள் இரண்டைச் சுவரில் மாட்டித் தொடங்கினார். கூடை மாறியது, தரை மட்டும் மாறவில்லை. இந்த ஆட்டத்துக்குக் கெட்டியான தளம் வேண்டும். கரப்பந்தை மணலிலும் ஆடலாம். உதைபந்தைத் தரிசு வெளியிலும் ஆடலாம். தட்டினால் எழாத பந்தை வைத்துக்கொண்டு கூடைப்பந்து ஆட முடியாது. புழுதியிலும், கார்த்திகை மழையின் சேற்றிலும் பந்து எழாது. ஆகவே, 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் கொண்ட சீமெந்துத் தளம் ஒன்று இல்லாத ஊரில், இந்த ஆட்டத்துக்கான திறமை பிறந்தாலும் அது தன்னைத் தானே அறியாமல் மடிந்துபோகும். அங்கே திறமை இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

"உயரம் இருந்தால் போதும்" என்பது இன்னொரு மூடநம்பிக்கை. 160 சென்ரிமீற்றர் உயரமே கொண்ட மக்ஸி போக்ஸ், 1987 முதல் 2001 வரை அமெரிக்காவின் தலைசிறந்த கூடைப்பந்துக் களத்தில் 14 பருவங்கள் ஆடினார். மறுபுறத்தில், நமது தர்ஜினி சிவலிங்கத்தைப் பாருங்கள். வலைப்பந்தாட்டத்தில் இலங்கை அணிக்கு ஆசிய வெற்றிகளைத் தேடித் தந்த அந்த வீராங்கனையின் உயரத்தைப் பற்றிப் பேசாத வாயில்லை. உயரம் கையை வளையத்தருகே கொண்டு செல்லும். பந்தை வளையத்துக்குள் இடுவது பயிற்சி. ஆயிரம் முறை எறிந்து, ஆயிரம் முறை தவறி, மணிக்கட்டும் விரல்களும் கற்றுக்கொண்ட உழைப்பு அது. உயரத்தை வியப்பவர்கள் அந்த உழைப்பைக் காண மறுக்கின்றனர். உழைப்பைக் கண்டால், அந்த உழைப்புக்கு வேண்டிய வசதியை யார் தருவது என்ற கேள்வியையும் சந்திக்க வேண்டியிருக்குமே!

வசதி கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நம்மிடம் சான்று உண்டு. 1948 இல் இலங்கைக்கு வந்த யேசுசபைத் துறவி யூஜின் ஹேபெர்ட், மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் தலைமுறை தலைமுறையாகக் கூடைப்பந்து வீரர்களை உருவாக்கினார். தலைநகரின் செல்வாக்குமிக்க கல்லூரிகளை அந்தக் கிழக்கு நகரத்து மாணவர்கள் எதிர்த்து நின்று வென்றார்கள். மட்டக்களப்பின் காற்றில் ஏதும் மாயம் இருந்ததா? தளம் இருந்தது, ஒவ்வொரு நாளும் அங்கே வந்து நின்ற பயிற்றுநர் இருந்தார். அவ்வளவே. 1990 ஆகஸ்ட் 15 ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட அவர், உடன் சென்ற இளைஞரோடு காணாமற்போனார். இந்த மண்ணில் போர் எதை எதையெல்லாம் விழுங்கியது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சியம்.

வன்னியைப் போர் விழுங்கிய விதம் இன்னும் கொடியது. 2009 இல் பதுங்குகுழிகளிலும் பின்னர் முகாம்களிலும் பிறந்த குழந்தைகள்தாம் இன்று கல்லூரி அணிகளில் ஆடும் வயதில் இருக்கின்றனர். மெனிக் முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். வீடு திரும்பியவர்கள் கூரையையும் கிணற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்தபோதே 2022 இன் பொருளாதார நெருக்கடி முட்டையையும் பாலையும் ஏழை வீட்டிலிருந்து விரட்டியது. எலும்பும் தசையும் வளர்கின்ற பருவத்தில் பாதி வயிற்றோடு மாலைப் பயிற்சிக்கு வரும் பிள்ளையிடம் "இன்னும் உயரமாகத் துள்ளு" என்று சொல்வது பயிற்சியா, கொடுமையா?

"சோற்றுக்கே வழியில்லாத இடத்தில் விளையாட்டு ஒரு கேடா?" என்று கேட்பவர் உண்டு. சோறும் விளையாட்டும் ஒன்றுக்கொன்று பகை என்று கற்பித்தவர் யார்? பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். ஏழைப் பிள்ளைக்கு ஒன்று போதும் என்பதா நியாயம்? அதே ஏழைப் பிள்ளை போராடி வென்றுவிட்டால் மட்டும் மாலையோடு முதலில் நிற்பவர்களும் இவர்களே. முல்லைத்தீவின் கரிப்பட்டமுறிப்பைச் சேர்ந்த கணேஷ் இந்துகாதேவி 2022 இல் லாகூரில் குத்துச்சண்டையில் தங்கம் வென்று வந்தபோது வாழ்த்து மழை பொழிந்தது. வாழ்த்து வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வெற்றிக்குப் பின் விழும் மாலையின் விலையில் ஒரு பங்காவது, வெற்றிக்கு முன் ஒரு வேளை உணவாகவும் ஒரு சோடி சப்பாத்தாகவும் வந்ததா என்றே கேட்கிறோம்.

நண்பர்களே, நாமும் குற்றமற்றவர்களல்லர். முற்போக்காளர் என்று சொல்லிக்கொள்ளும் ஆசிரியர்களாகிய நாமே, பரீட்சை நெருங்கும்போது விளையாட்டுப் பாட வேளையைக் கணிதத்துக்குக் கேட்டு வாங்குகிறோம். பந்தோடு திரியும் பிள்ளையை "உருப்படாதவன்" என்கிறோம். பெண் பிள்ளை பயிற்சி முடிந்து பொழுது சாயும் நேரத்தில் வீடு செல்வதைக் கண்டு முகம் சுளிக்கும் ஊரோடு சேர்ந்து மௌனம் காக்கிறோம். விளையாட்டு என்பது முதலாளித்துவக் கேளிக்கை என்று சில வேளைகளில் தத்துவமும் பேசுகிறோம். மார்க்ஸியரான சி. எல். ஆர். ஜேம்ஸ், மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட்டினூடே வர்க்கத்தையும் நிறவெறியையும் அடிமைத்தளையையும் ஆராய்ந்து 1963 இல் ஒரு நூலையே எழுதினார். அவர் கண்ட உண்மையை நமது மைதானங்களில் காண நமக்கு ஏன் கண்ணில்லை?

ஒரே ஒருவனைப் பொறுக்கியெடுத்துத் தலைநகருக்கு அனுப்பிவிட்டு, வன்னிக்கு விமோசனம் வந்துவிட்டதாகப் பறைசாற்றுவதும் நமது வழியன்று. அவன் போகட்டும், சிறக்கட்டும். அவனோடு ஆடிய மற்ற ஒன்பது பேர் என்ன ஆவார்கள்? எதிர்த்து ஆட ஒன்பது பேர் இல்லாமல் எந்தப் பத்தாமவனும் வீரனாவதில்லை. ஒருவனின் திறமை பலரின் கூட்டு உழைப்பில் விளைவது என்பதை ஐவர் சேர்ந்து ஆடும் இந்த ஆட்டத்தைவிட எது தெளிவாகக் கற்பிக்கும்?

1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் இந்நாட்டில் இலவசக் கல்வி பிறந்தது. கிராமத்துப் பிள்ளையின் மூளைக்கும் மதிப்பு உண்டு என்று அரசு அன்று ஒப்புக்கொண்டது. அந்தப் பிள்ளைக்கு உடலும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. துணுக்காயிலும் ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் பூநகரியிலும் புதுக்குடியிருப்பிலும் மாணவர் நடந்து சென்று அடையக்கூடிய கெட்டியான தளங்கள் வேண்டும். அங்கே நிலையாக இருந்து கற்பிக்கும் பயிற்றுநர் வேண்டும். பயிற்சி நாளில் வயிறார உணவு வேண்டும். மாலையில் வீடு திரும்ப பஸ் வேண்டும். இவை சலுகைகளல்ல, கல்வியின் பகுதிகள்.

இவற்றைக் கேட்பதற்கு முதற் குரல் ஆசிரியர் சங்கங்களிலிருந்தும் மாணவர் மன்றங்களிலிருந்தும் எழட்டும். நாளை காலை நம்மால் செய்யக்கூடியது ஒன்றும் உண்டு: பறித்த விளையாட்டுப் பாட வேளையைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுப்போம். முளை தெரிகிறது என்று வியந்தது போதும், வாய்க்காலை வெட்டுவோம்.