மழையோடு மக்களும் இறங்கும் மலை

பொள்ளாச்சியில் இருந்து ஏறக்குறைய 40 மைல். ஆழியாறு அணையைத் தாண்டியதும் பஸ் மலை ஏறத் தொடங்குகிறது. 40 கொண்டை ஊசி வளைவுகள்! ஏறி முடித்தால், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,500 அடி உயரத்தில் ஒரு சிறு நகரம். அதுதான் வால்பாறை.

ஊரைச் சுற்றித் தேயிலைத் தோட்டம். தோட்டத்தைச் சுற்றி ஆனைமலைக் காடு. பார்க்க அழகான ஊர்தான். ஆனால் இங்கே ஜனத்தொகை குறைந்திருக்கிறது!

காடு தோட்டமான கதை

ஒரு காலத்தில் இது அடர்ந்த காடு. காடர் முதலிய மலைவாசிகள் வாழ்ந்த இடம். வெள்ளைக்காரர் ஆட்சியில் காட்டை வெட்டி, முதலில் காப்பி பயிரிட்டார்கள். 1890களுக்குப் பிறகு தேயிலை பரவிற்று. அதில் முன்நின்றவர் கார்வர் மார்ஷ் என்ற துரை. கவர்க்கல்லில் அவருக்குச் சிலை இருக்கிறது.

துரை நிலத்தைக் காட்டினார். காட்டைத் திருத்திச் செடி வைத்தவர்கள் கூலிகள். வறண்ட ஜில்லாக்களில் இருந்து கங்காணிகள் அவர்களைக் கூட்டி வந்தார்கள். குளிர், அட்டைக்கடி, மலேரியா எல்லாவற்றையும் தாங்கி அவர்கள் உழைத்தார்கள்.

மழையின் ஊர்

ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவமழை. செப்டம்பர் வரை விடாது. பக்கத்தில் உள்ள சின்னக்கல்லார், தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெய்யும் இடம்.

அந்த மழை வீணாவதில்லை. நீராறு, சோலையாறு அணைகளில் தேங்கி, பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் வழியாகச் சமவெளிக்கு இறங்குகிறது. கோவை, திருப்பூர் மாவட்டங்களின் வயல்கள் அதனால் விளைகின்றன.

தண்ணீர் போன திசையிலேயே இப்போது ஜனங்களும் போகிறார்கள்.

கால் பங்கு குறைந்தது

2001 கணக்கெடுப்பில் வால்பாறையில் இருந்தவர்கள் சுமார் 95 ஆயிரம் பேர். 2011ல் சுமார் 71 ஆயிரம் பேர்தான். பத்தே ஆண்டில் நாலில் ஒரு பங்கு குறைந்துவிட்டது! 2021ல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. அடுத்த கணக்கு 2027ஆம் ஆண்டுக்குக் குறிக்கப்பட்டது.

ஏன் போகிறார்கள்? பஞ்சம் இல்லை. தண்ணீருக்கும் குறைவில்லை. முக்கியக் காரணம், காலுக்குக் கீழே சொந்த நிலம் இல்லாததுதான்.

வீடு யாருடையது?

தொழிலாளருக்கு வீடும் மருத்துவமும் தரவேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் கூறிற்று. லைன் வீடு கிடைத்தது. ஆனால் அது வேலையோடு சேர்ந்த வீடு. வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்யவேண்டும். முப்பது, நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த தாய்க்கு, வயதான காலத்தில் சொந்தமாக ஒரு திண்ணைகூட இல்லை!

படித்த பிள்ளைகள் இதைப் பார்க்கிறார்கள். கூடை சுமக்க விரும்பாமல் திருப்பூருக்கும் கோவைக்கும் போகிறார்கள். பெற்றோரும் பின்னால் இறங்குகிறார்கள்.

காலி இடத்துக்கு ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களில் இருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்கும் இது எளிதான இடம் அல்ல. யானையும் சிறுத்தையும் தோட்டத்துக்குள் நடமாடுகின்றன. 2025 ஜூன் மாதம், ஜார்க்கண்ட் குடும்பம் ஒன்றின் பெண் குழந்தையை வீட்டருகில் இருந்தே சிறுத்தை கவ்விச் சென்றது.

வழி என்ன?

வால்பாறையைச் சுற்றி உள்ள நிலம் பெரும்பாலும் தோட்டம் அல்லது காடு. ஆகையால் வீட்டு மனை கிடைப்பது கடினம். காட்டை மேலும் வெட்டுவதும் தகாது. ஆனால் தோட்டங்களுக்குள்ளேயே காலியாகிக் கிடக்கும் லைன்கள் உண்டு. ஓய்வு பெற்றவர் கடைசிவரை குடியிருக்க அவற்றில் உரிமை கொடுத்தால், பலர் ஊரைவிட்டுப் போகமாட்டார்கள்.

மழை ஆண்டுதோறும் வரும், தேயிலை துளிர்க்கும். அதைப் பறிக்கும் கைக்கு ஒரு வீட்டுச் சாவி வேண்டாமா?